பட்டனுக்கு நான் கற்றுக்கொடுத்த மரியாதை

பட்டன் என்னை முதன்முதலில் கடித்தது இடது தோளில்.

பொங்கலூர்ப் பக்கம் எங்கள் முதலாளியம்மாவின் தென்னந்தோப்பு. காலை வெயில் மட்டைகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து தண்ணீர் வாளியைத் தரையில் வைத்தேன். முதுகில் ஒரு முட்டு. திரும்புவதற்குள் தோளில் நறுக்கென்று ஒரு பிடி. பால் பல்தான். ஆனாலும் சேலையையும் ஜாக்கெட்டையும் தாண்டி ரத்தம் கட்டிவிட்டது.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். முதலாளியம்மாவின் மகன் செல்போனை நீட்டிப் படம் பிடித்தார். கம்பெனியில் அவரைச் 'சின்னவர்' என்போம். இருபத்தாறு வயதுச் சின்னவர்.

"கொழந்தைக்கு உங்களைப் புடிச்சுப் போச்சுங்க ராணிம்மா" என்றார் முதலாளியம்மா.

குழந்தை என்றது நாலு மாதக் குதிரைக்குட்டியை. மினியேச்சர் என்று சொல்கிற குட்டை இனம். முழுதாக வளர்ந்தாலும் என் இடுப்புக்கு மேல் வராது. செம்பட்டை உடம்பு, நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக ஒரு வெள்ளை. பனியன் கம்பெனிக்காரர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பட்டன் என்று வைத்துவிட்டார்கள்.

நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து இரண்டு கைகளையும் விரித்து, "ஏய்" என்று ஒரே ஒரு சத்தம் போட்டு, அதை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன். குட்டி துள்ளிப் பின்னால் போய்த் தென்னை மரத்தோடு ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. கைதட்டல் நின்றுவிட்டது.

"பாவமுங்க, அதட்டாதீங்க" என்றார் முதலாளியம்மா.

இது நாய்க்குட்டி இல்லை, இன்றைக்குக் கொஞ்சினால் நாளைக்கு யார் முகத்தையாவது பதம் பார்க்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"சரிங்கம்மா."

ஏரிக்கரையில் பிறந்தவள்

நடுவில் இந்தத் தொடரைப் படிக்க ஆரம்பித்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. நான் வத்தலக்குண்டுக்காரி, பிறந்ததும் சின்ன வயதில் இருந்ததும் கொடைக்கானலில். அப்பா ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் குதிரை வாடகைக்கு விட்டவர். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் ஐயனிங் மாஸ்டர். நான் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை செய்து, செக்கிங் பார்த்து, கடைசியில் கம்பெனி ஹாஸ்டலுக்கு வார்டன் ஆனேன்.

எங்கள் வீட்டுப் பெண்குதிரையின் பெயர் ராதா. அதற்கு ஒரு குட்டி பிறந்தபோது நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வேலி ஓரமே கிடந்தேன். குட்டி பால் குடிக்கும்போது பல் பட்டால் ராதா காதைப் பின்னால் சாய்ப்பாள். குட்டி விலகிவிடும். விலகவில்லையென்றால் பின்தொடையில் ஒரு கடி. அவ்வளவுதான், அடுத்த நிமிடம் நக்கிக் கொடுப்பாள். கோபத்தை மறுநாளைக்கு எடுத்து வைக்கிற பழக்கம் குதிரைகளுக்குக் கிடையாது.

அந்தக் குட்டியைத் தெருப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பொரி ஊட்டி ஊட்டிக் கெடுத்தோம். அதில் எனக்கும் பங்குண்டு. கையைக் கண்டாலே தீனி என்று நினைத்தது. என் வலது சுண்டுவிரல் நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. அப்பா என்னைத் திட்டவில்லை, குட்டியையும் அடிக்கவில்லை. மறுவாரம் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பட்டனைத் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அவிநாசிப் பக்கம் இன்னொரு எக்ஸ்போர்ட்டர் தோட்டத்தில் குட்டைக் குதிரை நின்றதாம், போட்டோவில் எல்லாரும் லைக் போட்டார்களாம். அதனால் இங்கேயும் ஒன்று. அதற்குக் காதைச் சாய்த்துக் காட்ட யாருமில்லை. "நம்ம ராணிம்மா குதிரைக்கார ஊட்டுப் பொண்ணுங்களாமா" என்று யாரோ சொல்லிவைக்க, அந்த வேலை என் தலையில் விழுந்தது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

மறுத்துச் சொல்லாத ஊர்

இந்த ஊர் மரியாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "எங்க ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு எங்களையே குத்தம் சொல்றீங்களே" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். அந்தக் கடிதத்திலும் எத்தனை 'ங்க' என்று எண்ணிப் பார்த்தேன். திட்டும்போதும் மரியாதை குறையாத மனிதர்கள். குற்றம் சொல்லவில்லை ஐயா, நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன் என்றுதான் சொல்கிறேன்.

நான் வந்த புதிதில் சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால், "முடியாதுண்ணே, போங்க" என்று வத்தலக்குண்டு வாயால் பட்டென்று சொல்லிவிடுவேன். டேபிளே திரும்பிப் பார்க்கும். இங்கே யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள். "செஞ்சுபோடலாமுங்க" என்பார்கள். நடக்காது என்பது இரண்டு பேருக்குமே தெரியும், காப்பி குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு பிரிவார்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து வருடம் பிடித்தது. கற்றுக்கொண்ட பிறகுதான் வார்டன் வேலை கிடைத்தது.

வார்டன் வேலையில் பெரிய பகுதி ஆடிட். எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் ஆள் அனுப்பி, தொழிலாளிகளைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே நான் ஹாஸ்டல் பெண்களை மெஸ் ஹாலில் உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பேன்.

"யாராச்சும் திட்டுறாங்களா?"

"இல்லீங்க மேடம்."

"ஞாயித்துக்கிழமை வேலை உண்டா?"

"இல்லீங்க மேடம்."

கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லேசாகச் சிரிக்க வேண்டும். மூக்கைச் சொறியக் கூடாது. ஒடிசாப் பெண்களுக்கு இதையே என் ஓட்டை இந்தியில் சொல்லித் தருவேன். எங்கள் கம்பெனி ஒரு ஆடிட்டிலும் மாட்டியதில்லை. அதற்காக எனக்கு ஒரு தீபாவளிக்குப் பட்டுச்சேலை கூட எடுத்துக் கொடுத்தார்கள். அதை நான் பெருமையாகக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கட்டிங் வேஸ்ட் கயிறு

பட்டனிடம் 'பாக்கலாமுங்க' செல்லாது. வேண்டாம் என்றால் அந்த நொடியே வேண்டாம் என்று தெரிய வேண்டும். சரி என்றாலும் அந்த நொடியே.

தினமும் விடிந்ததும் கம்பெனி வேன் பொங்கலூர்ப் பக்கம் ஆள் ஏற்றப் போகும். அதில் தொற்றிக்கொண்டு போய்த் தோப்பில் இறங்குவேன். வேன் கிராமமெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்வரை எனக்கும் பட்டனுக்கும் பாடம்.

முதலில் கயிறு. கடையில் வாங்கிய நைலான் கயிறு அதன் மூக்குத்தண்டை அறுத்துவிட்டிருந்தது. கட்டிங் செக்‌ஷனில் பனியன் துணி வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்குமே, அதில் நீளமான துண்டுகளாகப் பொறுக்கி, சடை பின்னுவதுபோல் பின்னித் தலைக்கயிறு செய்தேன். ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் சாம்பல். மெத்தென்று இருந்தது.

கயிற்றை இழுத்தால் குட்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். அதனால் இழுக்கக் கூடாது, பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது தானாக ஒரு எட்டு முன்னால் வைத்தவுடன் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்ச்சிதான் அதற்குப் பரிசு. முதல் நாள் கால் மணி நேரம் நின்றோம். ஒரு எட்டு வைத்தது. கயிற்றை விட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

தீனி கையால் கிடையாது, வாளியில் மட்டும். அதுவும் நெஞ்சில் உள்ளங்கையை வைத்ததும் இரண்டு எட்டுப் பின்னால் போனால்தான் வாளி கீழே இறங்கும். காலைத் தூக்கிக் காட்டப் பழக்கினேன். தோளிலிருந்து கையை வழித்துக்கொண்டே இறக்கி, குளம்பை எடுத்து, அது உதறுவதற்கு முன்னால் நானே இறக்கி வைத்துவிடுவேன். உதறித்தான் விடுபட முடியும் என்று அதற்குத் தோன்றவே கூடாது. மாட்டு டாக்டரிடம் கொண்டுபோக வசதியாக இருக்கட்டும் என்று பலகை சாய்த்துக் குட்டி யானை வண்டியில் ஏறவும் பழக்கினேன். குதிரைக்குட்டி குட்டி யானையில் ஏறுவதைப் பார்த்து வேன் டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏழாவது மாதத்தில் பட்டன் யாரையும் முட்டாது, கடிக்காது. நான் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். என் முழங்கைக்கு ஒரு கை தள்ளி நின்று மூச்சு விடும். புல்லும் வெயிலும் கலந்த வாசனை.

அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். நாள் முழுக்க நான் சொல்கிற பொய்களுக்கு முன்னால், காலையில் ஒரு மணி நேரம் உண்மையாக நடந்துகொள்ள ஒரு இடம் கிடைத்திருந்தது.

கட்டிப்புடி

ஒரு திங்கட்கிழமை பட்டன் என்னைப் பார்த்ததும் பின்னங்காலில் எழும்பியது. முன்னங்கால்கள் இரண்டும் என் தோளை நோக்கி வந்தன. நான் விலகியதால் தப்பித்தேன். மறுபடியும் எழும்பியது. முகத்தில் துளிக் கோபம் இல்லை. எதையோ கேட்டு நின்றது.

மகளிடம் சொன்னேன். அவள் படிப்பு முடித்து அப்போதுதான் எங்கள் கம்பெனி ஆபீசிலேயே மெர்ச்சன்டைசராகச் சேர்ந்திருந்தாள். அவள் போனை எடுத்துக் காட்டினாள். சின்னவர் ரீல்ஸ் போட்டிருந்தார். "கட்டிப்புடி பட்டன்" என்கிறார், பட்டன் எழும்பி அவர் தோளில் கால் வைக்கிறது, இவர் வாயில் பிஸ்கட் ஊட்டுகிறார். பின்னால் சினிமாப் பாட்டு. ஞாயிறுதோறும் ஒன்று. ஆறு நாள் நான் கட்டியதை ஏழாம் நாள் பிஸ்கட் கொடுத்து இடித்துக்கொண்டிருந்தார்.

நேராகப் போய்ச் சொன்னேன். "தம்பி, இப்ப அது முப்பது கிலோங்க. இன்னும் கொஞ்ச நாள்ல அறுபதாயிரும். யார் மேல வேணா ஏறும். கையில ஊட்டாதீங்க."

"செரிங்க்கா. நீங்க சொன்னா செரிதானுங்க. இனிமே செய்யறதில்லீங்க" என்றார். எவ்வளவு பணிவு. அடுத்த ஞாயிறு புது ரீல்ஸ் வந்தது.

முதலாளியம்மாவிடம் போனேன். பாதிதான் சொன்னேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"பாக்கலாமுங்க ராணிம்மா. காப்பி குடிச்சீங்களா?"

பேச்சு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். காப்பி குடித்தேன்.

பொறுமையாகத்தான் பழக்கிப் பார்த்தேன். ஆனால் எழும்பினால் பிஸ்கட், எழும்பாவிட்டால் வெறும் கயிற்றுத் தளர்ச்சி என்றால் குட்டி எதைத் தேர்ந்தெடுக்கும்? ரோஷமுள்ளவளாக இருந்தால் அன்றைக்கே, சின்னவர் தோப்புக்கு வந்தால் நான் வர மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். நான் எப்போதும்போல வேனில் தொற்றிக்கொண்டு போனேன்.

விருந்தாளி

பையர் மேடம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய ஆர்டர். ஆறேழு வயது மகளையும் கூட்டி வந்திருந்தார். தோப்பில் விருந்து. பேச்சுக்கு உதவியாக என் மகளை அழைத்திருந்தார்கள், பட்டனைப் பிடித்து நிற்க என்னை.

முன்பே முதலாளியம்மாவிடம் சொல்லியிருந்தேன். "கட்டியே வெச்சிரலாமுங்கம்மா." அவர் "ஆகட்டுங்க" என்றார். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் அந்தக் குழந்தை பட்டனைப் பார்க்க ஆசைப்பட்டது. வந்த விருந்தாளியிடம் எப்படி வேண்டாம் என்பது? சின்னவர் குழந்தையின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்தார். நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். சின்னவர் வந்து, "நான் புடிச்சுக்கறனுங்க்கா" என்று கையை நீட்டினார்.

நான் கொடுத்தேன்.

குழந்தை பிஸ்கட்டை உயரத் தூக்கியது. பட்டன் எழும்பியது. அதற்குக் கற்றுக்கொடுத்தபடியே முன்னங்கால்களைத் தோளில் வைத்தது. குழந்தை அப்படியே பின்னால் சாய்ந்து கிணற்று மேடையின் விளிம்பில் விழுந்தது. கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் கேட்கிறது. பட்டன் அதன் பக்கத்திலேயே நின்று கீழே கிடந்த பிஸ்கட்டைத் தின்றது.

குழந்தையைக் காரில் ஏற்றினார்கள். சின்னவரும் கூடப் போனார். அந்தக் காரில் உட்கார்ந்தபடியே ரீல்ஸ் எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்று பிறகு மகள் சொன்னாள்.

சாயங்காலம் கட்டுப்போட்ட குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு பையர் மேடம் ஆபீசுக்கு வந்தார். அவர் கத்தவில்லை. மெதுவாக ஏதோ கேட்டார். என் மகள் தமிழில் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இப்படி மேல ஏறச் சொல்லி யாராவது அதுக்குப் பழக்கினாங்களான்னு மேடம் கேக்கிறாங்க. நீங்கதான் அதைப் பாத்துக்கறீங்கங்கறதால உங்ககிட்ட கேக்கிறாங்க."

என் ஒரு பக்கம் முதலாளியம்மா. எதிரே சின்னவர். நடுவில் என் மகள், அவள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

நான் பயந்தேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பயப்படக்கூட நேரமில்லை. அத்தனை வருட ஒத்திகை, பதில் தானாக வந்தது. மேடத்தின் கண்ணைப் பார்த்தேன். லேசாகச் சிரித்தேன்.

"இல்லீங்க மேடம். அது பிறவிக் குணமுங்க."

என் மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ரீல்ஸ் எல்லாவற்றையும் பார்த்தவள், குரல் பிசகாமல் சொன்னாள். அவளுக்கு நான் எதையும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அன்று இரவு அவள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

பிறவிக் குணம் என்றால் பழக்கி மாற்ற முடியாது என்று மேடம் எடுத்துக்கொண்டார். ஆபத்தான மிருகத்தைக் குழந்தைகள் வந்துபோகிற இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்றார். "இந்த வாரமே அனுப்பிச்சர்றோமுங்க" என்றார் முதலாளியம்மா. அவர் சொன்னதைச் செய்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

அனுப்பி வைத்த காலை

கல்யாண மண்டப வாசலில் லைட்டும் செண்டை மேளமும் வைக்கிற ஒருவர் பட்டனை எடுத்துக்கொள்ள வந்தார். வரவேற்பில் முதுகில் ஜிகினாத் துணி போட்டு நிறுத்துவதற்காம். பக்கத்தில் ஸ்பீக்கர் அலறும், பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுப்பார்கள். கையில் தடிமனான நைலான் கயிறும் ஒரு கம்பும் வைத்திருந்தார்.

"ஏறிப் பாயுமாமுங்களே, பிறவிக் குணமுன்னு சொன்னாங்க" என்றார் என்னிடம். "அப்படிப்பட்டதையெல்லாம் அடிச்சுத்தானுங்க வழிக்குக் கொண்டாரணும். மூஞ்சியக் கட்டிப்போட்டா அடங்கிரும்."

என் வாயிலிருந்து கிளம்பிய சொல் அதற்குள் அவர்வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. இப்போதாவது சொல்லலாம். பிறவிக் குணம் இல்லை, பிஸ்கட்டால் வந்தது, ஒரு மாதம் கையால் ஊட்டாமல் இருந்தால் மறந்துவிடும், அடிக்காதீர்கள் என்று நாலே வாக்கியம். முதலாளியம்மா வாசப்படியில் நின்றிருந்தார்.

"பாத்துப் பதனமா வெச்சுக்குங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

இரண்டு ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். பட்டன் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. ஒருவர் பின்னாலிருந்து கம்பால் குத்தினார். அது கண் வெள்ளை தெரிய உதறியது, எழும்பவில்லை, கடிக்கவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"ராணிம்மா, செத்த நீங்க வந்து ஏத்தி உடுங்களேன். உங்க பேச்சுத்தான் கேக்கும்."

போனேன். நைலான் கயிற்றைக் கழற்றினேன். கழுத்தில் சும்மா கையை வைத்தேன். பலகைமேல் நான் ஒரு எட்டு வைத்தேன், அது ஒரு எட்டு வைத்தது. நான் நின்றேன், அது நின்றது. இன்னும் இரண்டு எட்டு. வண்டிக்குள் போய், எனக்கு இடம் விட்டு ஒரு கை தள்ளி ஒதுங்கி நின்றது. நான் இறங்கி வந்தேன். கூடவே இறங்க வேண்டுமா என்று என்னைப் பார்த்தது. நான் எதுவும் சொல்லாததால் அங்கேயே நின்றது. கதவைச் சாத்தினார்கள்.

முதலாளியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது.

"என்ன மரியாதையா ஏறுது பாருங்க ராணிம்மா. இந்த மரியாதை மொதல்லயே இருந்திருந்தா, நம்ம ஊட்லயே வெச்சிருந்திருக்கலாமுங்களே."

நான் சொன்னேன், "ஆமாங்கம்மா."